கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் என்று யார் எண்ணினார்கள்? ஒன்பதாம் வகுப்பு மாணவியின் ஏழு கேள்விகளுக்குப் பதில்

உங்கள் கடிதத்தைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆதிமனிதன் முதல் உலகப் போர் வரை வினா விடையாக மனப்பாடம் செய்கிறாள். தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுகிறாள். ஆனால் படிக்கும்போது உங்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கிறாள். அவள் கேட்ட ஏழை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன? வேட்டையாடித் திரிந்தவன் எதற்காக விவசாயத்துக்கு மாறினான்? சிந்துவெளி நகரங்கள் அழிந்தது படையெடுப்பாலா, வெள்ளத்தாலா? கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் இறந்ததை யார் எண்ணினார்கள்? 1453இல் துருக்கியர் ஒரு நகரத்தைப் பிடித்ததற்கும் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததற்கும் என்ன சம்பந்தம்? முதல் விடுதலைப் போர் 1857ஆ, 1806ஆ? ஒரு இளவரசரைச் சுட்டதற்கா உலகப் போர் வந்தது?

உங்கள் மகளின் ஞாபக சக்தியில் குறை எதுவும் இல்லை. பாடநூலில் ஒரு வரி அச்சாவதற்கு முன்னால் யாரோ மண்ணைத் தோண்டியிருக்கிறார், யாரோ ஒரு எழுத்தைப் படிக்கத் திணறியிருக்கிறார், ஒருவர் தவறாகச் சொன்னதை இன்னொருவர் திருத்தியிருக்கிறார். புத்தகத்தில் இடம் இல்லாததால் அதையெல்லாம் வெட்டிவிட்டு முடிவை மட்டும் கொடுக்கிறார்கள். முடிவை மட்டும் விழுங்கினால் எந்த மனதிலும் தங்காது. அதனால் ஒவ்வொரு பதிலோடும் 'இது நமக்கு எப்படித் தெரியும்' என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நான்காவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

சரி, குரங்கு. இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வகுப்பிலும் வரும். கோளாறு கேள்வியில் இல்லை, நாம் சொல்லிக்கொடுக்கும் வாக்கியத்தில் இருக்கிறது. இன்று மரத்தில் இருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான ஒரு மூதாதை இனம் ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதிலிருந்து ஒரு கிளை சிம்பன்சிப் பக்கம் போனது, இன்னொரு கிளை நம் பக்கம் வந்தது. உங்கள் மகளுக்கும் அவளுடைய சித்தப்பா பெண்ணுக்கும் தாத்தா ஒருவர்தான். இவள் பிறந்துவிட்டாள் என்பதற்காக அந்தப் பெண் இல்லாமல் போய்விட வேண்டுமா என்ன? அவர்கள் இருவரும் ஒருவரிலிருந்து ஒருவர் வந்தவர்கள் அல்ல, ஒரே இடத்திலிருந்து பிரிந்தவர்கள். இதை ஒரு கிளைப்படமாக வரையச் சொல்லுங்கள், சந்தேகம் அதோடு தீரும்.

நம் கிளையில் முதலில் மாறியது மூளையின் அளவு அல்ல, நடை. எத்தியோப்பியாவில் ஹதார் என்ற இடத்தில் 1974இல் கிடைத்த 'லூசி' என்ற எலும்புக்கூட்டுக்கு வயது சுமார் 32 லட்சம் ஆண்டு. மூளை சிம்பன்சியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடக்கிறவருடையவை. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்கள் அதைவிடப் பழையவை, சுமார் 36 லட்சம் ஆண்டு. நம்முடைய சொந்த இனமான ஹோமோ சேப்பியன்ஸ் மிகவும் புதியது, மூன்று லட்சம் ஆண்டுக் கணக்குதான். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகள் அந்தக் காலத்தவை.

இந்த இடத்தில் ஒரு செய்தியைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அதிரம்பாக்கத்தைக் கண்டறிந்தார்கள். பிற்காலத்தில் சாந்தி பப்பு தலைமையில் அங்கே நடந்த அகழாய்வின் முடிவு 2011இல் வெளிவந்தபோது, அந்தக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று தெரிந்தது. கல்லுக்கு எப்படி வயது சொல்கிறார்கள் என்று அவள் கேட்பாள். கேட்க வேண்டும். நிலத்தின் மேலே கிடக்கும் கல்லின் மீது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டுச் சில அரிய அணுக்கள் உருவாகும். கல் புதைந்துவிட்டால் புதியவை உருவாவது நின்று, இருப்பவை தமக்கே உரிய வேகத்தில் சிதையத் தொடங்கும். மீதி எவ்வளவு என்று அளந்தால் கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். அதிரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை, கருவிகள் மட்டும்தான். ஆகவே அவற்றைச் செய்தவர்கள் ஹோமோ சேப்பியன்ஸ் என்று அவள் எழுதிவிடக் கூடாது; நம் இனம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்னால் செய்யப்பட்டவை அவை.

இரண்டாவது கேள்வி. 'நிலையான உணவுக்காக மனிதன் விவசாயத்தைக் கண்டுபிடித்தான்' என்ற விடையில் இரண்டு இடறல்கள் உண்டு. ஒருவர் ஒரு நாள் கண்டுபிடித்தது போல அது தொனிக்கிறது. விவசாயி உடனே சுகமாக வாழ்ந்தது போலவும் தொனிக்கிறது. இரண்டும் சரியல்ல.

கடைசிப் பனிக்காலம் முடிந்தது ஏறக்குறைய 11,700 ஆண்டுகளுக்கு முன். அதன் பிறகு தட்பவெப்பம் சூடாகி ஓரளவு நிலைப்பட்டது. அடுத்த சில ஆயிரம் ஆண்டுகளில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல இடங்களில் பயிர்த்தொழில் தோன்றுகிறது: மேற்கு ஆசியாவில் கோதுமையும் பார்லியும், சீனாவில் நெல்லும் தினை வகைகளும், மெக்சிகோவில் மக்காச்சோளம், ஆண்டிஸ் மலைப்பகுதியில் உருளைக்கிழங்கு. நம் துணைக்கண்டத்தில் பலுசிஸ்தானின் மெஹர்கரில் பொ.ஆ.மு. 7000 அளவில் கோதுமையும் பார்லியும் விளைவித்தவர்களைப் பார்க்கிறோம். (பொ.ஆ.மு. என்றாலும் கி.மு. என்றாலும் ஒன்றுதான், இப்போதைய பாடநூல் முதலாவதை எழுதுகிறது, பெரியவர்களுக்கு இரண்டாவது பழக்கம். ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.)

இது எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி ஒரு கோதுமைக் கதிரின் காம்பில் இருக்கிறது. காட்டுக் கோதுமை முற்றினால் மணி தானாக உதிர்ந்துவிடும். செடிக்கு அது நல்லது, அறுக்கிறவருக்கு நஷ்டம். சில செடிகளில் மட்டும் மணி உதிராமல் கதிரிலேயே நிற்கும். அறுப்பவர் கைக்கு அதிகம் வந்தவை அந்த மணிகள்தான். அவற்றில் மீந்ததைத்தான் அடுத்த பருவத்துக்கு விதைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்து, மனிதர் அடித்து உதிர்த்தால் ஒழிய உதிராத கோதுமை உருவானது. தானாக உதிர்ந்த மணியின் அடியில் காம்பு மழமழவென்று இருக்கும். அடித்துப் பிரித்ததில் பிய்ந்த தழும்பு இருக்கும். பழைய அடுப்புச் சாம்பலில் கருகிக் கிடக்கும் மணிகளை உருப்பெருக்கியில் பார்த்து, இந்த ஊரார் காட்டில் பறித்தார்களா, விதைத்து அறுத்தார்களா என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யாரும் திட்டமிடாமலே நடந்த மாற்றம் இது. வரலாற்றில் இப்படிப்பட்டவைதான் பெரும்பாலும் பெரிய மாற்றங்கள்.

அப்புறம் சுகம். தொடக்கக் கால விவசாயிகளின் எலும்புக்கூடுகள் பல இடங்களில் வேட்டையாடிகளுடையதைவிடக் குட்டையாக இருக்கின்றன, பற்சொத்தை அதிகம், சத்துக்குறைவின் அடையாளங்கள் தெரிகின்றன. ஒரே தானியத்தைத் தின்று, நாள் முழுக்க மாவு அரைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பின் ஏன் விடவில்லை? ஒரே இடத்தில் தங்கினால் குழந்தைகள் குறைந்த இடைவெளியில் பிறக்கிறார்கள், ஊர் பெருக்கிறது. பெருத்த ஊருக்குக் காட்டில் பொறுக்கும் உணவு போதாது. அதாவது, திரும்பிப் போக வழி அடைபட்டுவிட்டது. ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால் தட்பவெப்ப மாற்றம், காட்டுத் தானியத்தைச் சேமித்து ஒரே இடத்தில் தங்கும் பழக்கம், மக்கள்தொகை என்று மூன்றையும் இந்த வரிசையில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று இன்னொன்றுக்குக் கொண்டு போவதால் மறக்காது.

மூன்றாவது, சிந்துவெளி. ஒரு கைடில் படையெடுப்பு என்றும் இன்னொன்றில் வெள்ளம் என்றும் இருக்கிறது என்கிறீர்கள். அவை எழுதப்பட்ட காலம் வேறு, அதனால் விடையும் வேறு.

ஹரப்பாவில் 1921இல் தயாராம் சாஹ்னியும் மொகஞ்சதாரோவில் 1922இல் ஆர்.டி. பானர்ஜியும் தோண்டினார்கள். இரண்டும் ஒரே நாகரிகம் என்று 1924இல் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்பே ஹரப்பாவின் செங்கற்கள் மனிதர் கைக்குக் கிடைத்துவிட்டன. 1850களில் லாகூர் முல்தான் ரயில்பாதை போட்ட ஒப்பந்தக்காரர்கள் அந்த மேட்டிலிருந்து செங்கல்லை அள்ளிப் பாதைக்கு அடியில் நிரப்பினார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற சுவர்கள் ரயில்பாதைக்கு அடியில் போயின. இதை எப்போது சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது.

1940களில் அங்கே தோண்டிய மார்டிமர் வீலர், மொகஞ்சதாரோவின் மேல் அடுக்கில் கிடைத்திருந்த எலும்புக்கூடுகளை ஒரு படுகொலையின் மிச்சம் என்று கருதினார். ரிக் வேதத்தில் இந்திரன் கோட்டைகளை உடைப்பதாக வரும் பாடல்களோடு அதைச் சேர்த்து, ஆரியப் படையெடுப்பே காரணம் என்றார். பாடநூல்களுக்கு அந்தக் கதை பிடித்துப்போனது. 1960களில் ஜார்ஜ் டேல்ஸ் போன்ற தொல்லியலாளர்கள் சான்றை மறுபடி பார்த்தபோது, அந்த எலும்புக்கூடுகள் ஒரே நாளில் விழுந்தவை அல்ல, வெவ்வேறு காலத்தவை என்று தெரிந்தது. உடல்களில் வெட்டுக்காயம் மிக அரிது. போர் நடந்த நகரத்தில் இருக்க வேண்டிய எரிந்த அடுக்கோ ஆயுதக் குவியலோ அங்கே இல்லை.

இன்று பெரும்பாலோர் ஏற்கும் விடை ஒற்றைக் காரணம் இல்லாதது. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கிப் பருவமழை பலவீனமானது. கக்கர் ஹக்ரா ஆற்றுப்பகுதி வறண்டது. மெசபடோமியாவோடு இருந்த கடல் வணிகம் சுருங்கியது. பெருநகரங்கள் செழித்த காலம் பொ.ஆ.மு. 2600 முதல் 1900 வரை. அதன் பின் மக்கள் கிழக்கே கங்கை யமுனைச் சமவெளிப் பக்கமும் குஜராத்துக்கும் நகர்ந்து சிறு ஊர்களில் குடியேறினார்கள். ஆகவே 'அழிந்தது' என்ற சொல்லையே நான் மாற்றச் சொல்வேன். நகரங்கள் கைவிடப்பட்டன, மக்கள் வேறு இடத்தில் வாழ்ந்தார்கள். சீரான எடைக்கற்கள், முத்திரைகள், 1:2:4 விகிதச் செங்கல், எழுத்து என்று நகர வாழ்க்கைக்குத் தேவைப்பட்டவை நகரத்தோடு போயின.

இங்கே பிள்ளைகள் ஒரு இடத்தில் குழம்புவார்கள். படையெடுப்பால் நகரங்கள் அழியவில்லை என்றால், வடமேற்கிலிருந்து யாருமே வரவில்லையா? அது வேறு கேள்வி. ஹரியானாவின் ராகிகடியில் கிடைத்த சிந்துவெளிக் காலப் பெண் ஒருவரின் மரபணுவில் மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை. இன்று வட இந்தியாவில் பலரிடம் அது இருக்கிறது. 2019இல் வந்த மரபணு ஆய்வுகள் அந்தக் கலப்பு பொ.ஆ.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் துணைக்கண்டத்துக்குள் வந்ததாகக் கணிக்கின்றன. வந்தார்கள், ஆனால் நகரங்கள் சரியத் தொடங்கிய பிறகு. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. சிந்துவெளி எழுத்தோ இன்னும் வாசிக்கப்படவில்லை. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான். இரண்டு மொழியில் எழுதிய கல் ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் யாராவது வாசிக்கலாம்.

ஐந்தாவது, 1453. கான்ஸ்டான்டிநோபிளை துருக்கியர் பிடித்தார்கள், நிலவழி அடைபட்டது, ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று நேர்கோடாக எழுதுகிறோம். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கோடு வளையும். போர்த்துகீசியர் வட ஆப்பிரிக்காவின் சியூட்டாவைப் பிடித்தது 1415. ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே கப்பல் அனுப்பிக்கொண்டிருந்த இளவரசர் ஹென்றி இறந்தது 1460. அதாவது அவர்கள் பயணத்தைத் தொடங்கியபோது 1453 வரவே இல்லை. அந்த நகரம் விழுந்த பிறகும் மிளகு நிற்கவில்லை. எகிப்தின் அலெக்சாண்டிரியா வழியாக வெனிஸ் வணிகர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். எகிப்து துருக்கியர் கைக்குப் போனது 1517இல்தான். போர்த்துகல்லின் உண்மையான எரிச்சல், நடுவில் இருந்த வெனிஸும் எகிப்தும் எடுத்துக்கொண்ட லாபம். 1488இல் பார்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார், 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையைத் தொட்டார். தேர்வில் 1453ஐ எழுதாமல் விட்டுவிடாதே, அது விடைக்குறிப்பில் இருக்கும் என்று மகளிடம் சொல்லுங்கள். அதை ஒரே காரணமாக அல்லாமல் பல காரணங்களில் ஒன்றாக எழுதட்டும்.

ஆறாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும் சொல் 'முதல்'. எதை வைத்து முதல் என்று கேட்க வேண்டும்.

1806 ஜூலை 10, விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகை, அதில் தோல் சின்னம், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள் உடனடிக் காரணம். திப்புவின் மகன்கள் அதே கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. அன்று காலையே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி வந்து ஈவிரக்கமின்றி அடக்கினார். பின்னர் அந்த உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன, திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் ஜான் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

1857ஐ இதன் பக்கத்தில் வையுங்கள். தலைப்பாகை இருந்த இடத்தில் கொழுப்பு தடவிய தோட்டா. திப்புவின் மகன்கள் இருந்த இடத்தில் தில்லியில் முதிய முகலாய அரசர் பகதூர் ஷா. மார்ச் 29 பாரக்பூர், மே 10 மீரட், பிறகு தில்லி, கான்பூர், லக்னோ, ஜான்சி. இந்த முறை உழவர்களும் நிலம் இழந்த தாலுக்தார்கள் என்ற பெருநிலக்காரர்களும் சேர்ந்தார்கள். விளைவும் பெரிது: 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்து, நவம்பர் 1 அன்று அரசியின் பேரறிக்கை வந்தது. அப்படியானால் அளவை வைத்துப் பார்த்தால் 1857 பெரிது. சிப்பாய்கள் சேர்ந்து ஒரு கோட்டையையே கைப்பற்றியதில் வேலூர் அரை நூற்றாண்டு முந்தியது. அந்நியரை எதிர்த்து எல்லா மக்களையும் அழைத்ததை அளவுகோலாக வைத்தால், இரண்டுக்கும் முன்பு 1801 ஜூனில் மருது சகோதரர்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய பிரகடனம் இருக்கிறது. என் தனிப்பட்ட எண்ணம், அந்தப் பிரகடனத்துக்குப் பாடங்களில் இன்னும் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். உங்கள் மகள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம். தன் அளவுகோல் எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏழாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1914 ஜூன் 28, சாரயேவோ; ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை போஸ்னிய செர்பியரான காவ்ரிலோ பிரின்சிப் சுட்டார். ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதம்தான் பதில். ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையில்லாத ஆதரவு கொடுத்தது, ரஷ்யா செர்பியாவின் பக்கம் நின்றது, எல்லா நாட்டுப் படைகளும் ரயில் நேர அட்டவணை போட்டுத் தயாராக இருந்தன. ஆகஸ்ட் 4க்குள் ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் எல்லாமே உள்ளே வந்துவிட்டன. குண்டு உடனடிக் காரணம். கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனிப் போட்டி அடிப்படைக் காரணங்கள். வேலூரின் தலைப்பாகையும் மீரட்டின் தோட்டாவும் இதே இடத்தில்தான் நிற்கின்றன என்று அவளுக்குக் காட்டுங்கள். இந்தப் போர் எங்கோ நடந்ததாக அவள் நினைத்தால், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசியதைச் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. தோற்ற ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையால் ஹிட்லர் வந்தார் என்று ஒரு வரி விடை உண்டு. உடன்படிக்கை 1919. ஹிட்லரின் நாஜிக் கட்சி 1928 தேர்தலில் வாங்கிய வாக்கு 2.6 சதவீதம். 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. நடுவில் நடந்தது 1929இன் பொருளாதாரப் பெருமந்தம். 1932இல் ஜெர்மனியில் வேலையில்லாதவர் ஏறக்குறைய 60 லட்சம். இந்த எண்களை வரிசையாகப் பார்த்த பிள்ளை அந்த ஒரு வரி விடையை மறுபடி எழுதாது.

காலத்தின் நீளம் பிடிபடாததும் மறதிக்கு ஒரு காரணம். 15 மீட்டர் கயிறு ஒன்றைத் தரையில் நீட்டச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் ஒரு லட்சம் ஆண்டு என்று கணக்கு. ஒரு முனை அதிரம்பாக்கத்துக் கைக்கோடரி, மறு முனை இன்று. ஹோமோ சேப்பியன்ஸ் கடைசி மூன்று மீட்டரில் வருவார்கள். விவசாயம் கடைசி 11 சென்டிமீட்டர் அளவில். மொகஞ்சதாரோ நாலரை சென்டிமீட்டர். அசோகர் இரண்டேகால். 1857 இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு முறை குனிந்து அந்தக் கடைசி விரற்கடையைப் பார்த்த பிள்ளை எது முன், எது பின் என்று தடுமாறாது.

சரி, கலிங்கம்.

எண்ணியது யார் என்றால், தெரிந்தவரை வென்ற அரசரின் ஆட்கள். அந்த எண் நமக்குக் கிடைப்பது அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டிலிருந்து. முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபோது கலிங்கம் வெல்லப்பட்டது, ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்று அது சொல்கிறது. கலிங்கத்தார் எழுதிய சான்று ஒன்றும் நம்மிடம் இல்லை. முழு லட்சமாக இருப்பதால் தலை எண்ணிய கணக்கு என்று கொள்ள முடியாது. 'அத்தனை ஏராளம்' என்ற பொருளில்தான் எடுக்க வேண்டும். ஒப்பிட இன்னொரு எண் உண்டு. ரோமானியரான பிளினி, கலிங்க அரசனிடம் 60,000 காலாட்படை, 1,000 குதிரை, 700 யானை இருந்ததாக எழுதுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், இறந்தவர்கள் எல்லாரும் படைவீரர்கள்தானா என்ற கேள்வி எழும். அதனால் 'ஒரு லட்சம் பேர் இறந்தனர்' என்பதற்குப் பதிலாக 'ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக அசோகரின் கல்வெட்டு கூறுகிறது' என்று எழுதச் சொல்லுங்கள். திருத்துகிறவர் அந்த வித்தியாசத்தைக் கவனிப்பார்.

அந்தக் கல்வெட்டு யாரும் வாசிக்க முடியாமல் பல நூற்றாண்டுகள் கிடந்தது. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியில் கல்வேலிகளின் மேல் பொறித்திருந்த சிறு சிறு வரிகள் பெரும்பாலும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். கோயிலுக்குக் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கும்போது கடைசியில் என்ன வரும்? 'தானம்'. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு 1837இல் பிராமி எழுத்தை முழுதாக வாசித்துவிட்டார். வாசித்தபோது வந்த பெயர் அசோகர் அல்ல, 'தேவனாம்பிய பியதசி'. அது யார் என்று சொல்ல இலங்கையின் பாலி நூல்கள் உதவின. அங்கே பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் அதை எடுத்துக் காட்டினார். அசோகர் என்ற பெயரே பொறித்த கல்வெட்டு கர்நாடகத்தின் மாஸ்கியில் 1915இல் கிடைத்தது. கலிங்கப் போருக்குச் சொல்லும் பொ.ஆ.மு. 261 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது? அதே 13ஆம் கல்வெட்டு சிரியா, எகிப்து உள்ளிட்ட ஐந்து நாட்டுக் கிரேக்க அரசர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்கள் ஐவரும் ஒரே சமயத்தில் ஆண்ட ஆண்டுகள் மிகக் குறைவு. அந்த இடைவெளியில் கல்வெட்டைப் பொருத்தித்தான் அசோகரின் மற்ற ஆண்டுகளைக் கணக்கிடுகிறார்கள். சோழரும் பாண்டியரும்கூட அதே கல்லில் வருகிறார்கள்.

அசோகர் வருந்தினார் என்பது அந்தக் கல்லில் இருக்கிறது. அதே கல்லில் காட்டு மக்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தனக்கு உண்டு என்று. கலிங்கத்தைத் திருப்பிக் கொடுத்ததாகவோ பிடித்துப் போனவர்களை விடுவித்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. போரைக் கைவிட்டார், படையைக் கைவிடவில்லை. பாடநூல் அசோகரைவிட இந்த அசோகரை எனக்கு நன்றாகப் புரிகிறது.

இனி அவளுக்கு நான் வைக்கும் கேள்வி. 13ஆம் கல்வெட்டு வடமேற்கே ஷாபாஸ்கர்ஹியில் இருக்கிறது, மேற்கே கிர்நாரில் இருக்கிறது, தெற்கே எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்கத்திலேயே, இன்றைய ஒடிசாவின் தௌலியிலும் ஜௌகடாவிலும், மற்ற கல்வெட்டுகளைப் பொறித்த பாறைகளில் இதை மட்டும் அதற்கு முந்தைய இரண்டோடு சேர்த்து விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் அதிகாரிகளுக்கு இரண்டு தனி ஆணைகள் இருக்கின்றன. எல்லா மனிதரும் என் பிள்ளைகள், காரணமில்லாமல் யாரையும் சிறையில் அடைக்காதீர்கள், வதைக்காதீர்கள் என்று அவை சொல்கின்றன. போர் நடந்த மண்ணில் மட்டும் அந்த ஒரு லட்சம் ஏன் பொறிக்கப்படவில்லை? வென்று பத்தாண்டுகூட ஆகியிராத நாட்டில் அந்த நினைவைக் கிளற வேண்டாம் என்று நினைத்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் ஊகம். எனக்கும் அது சரியாகவே படுகிறது: இறந்தவர்களின் எண்ணிக்கையை அங்கே யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியிருந்திருக்காது.